எல்லை கடக்கும் மருந்து: அபின் பெட்டி முதல் பயணியின் பை வரை

தமிழில் ‘மருந்து’ என்னும் சொல் நோய் தீர்ப்பதை மட்டும் குறிப்பதன்று. வெடிமருந்து, பூச்சிமருந்து, இடுமருந்து என அழிப்பனவும் மயக்குவனவும் அச்சொல்லுக்குள் அடங்கும். சட்டத் தமிழில் வழங்கும் ‘போதை மருந்து’ என்னும் தொடரும் இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே சுமக்கிறது. அபினும் அதிலிருந்து எடுக்கப்படும் மார்பினும் நாட்டெல்லையைக் கடப்பதற்கென உருவான விதிகளை இந்திய வரலாற்றில் தொடர்ந்து நோக்கினால், அவ்விதிகள் சரக்கை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை என்பதும், நோயாளி அவற்றுள் மிகப் பிந்தியே இடம்பெற்றார் என்பதும் புலனாகும்.

தொடக்கத்தில் எல்லை என்பது வருவாய்க்குரிய இடம். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபினைத் தன் தனியுரிமையாக்கிக் கல்கத்தாவில் ஏலமிட்டது. மாளவத்து அபினோ சுதேச அரசுகளின் நிலத்தில் விளைந்தது. அதனைத் தடுக்க இயலாத கம்பெனி, பம்பாய்த் துறைமுகத்திற்குச் செல்லும் பெட்டிகளுக்குச் சீட்டு வழங்கித் தீர்வை பெறும் முறையை 1830களில் நிலைபெறச் செய்தது. 1843இல் சிந்து கைப்பற்றப்பட்டுக் கராச்சி வழி அடைபட்டதும் அத்தீர்வை உயர்த்தப்பட்டது. போட்டி வழி இல்லாதபோது விலை ஏறுவது வணிகருக்கு மட்டும் உரிய இயல்பன்று போலும். அச்சீட்டு பெட்டிக்கு உரியது. பெட்டியிலுள்ளதை உண்பவர் யார், எதற்கு உண்கிறார் என்னும் வினா அதில் இல்லை.

அவ்வினா இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. 1909இல் ஷாங்காயில் கூடிய ஆணையத்தைத் தொடர்ந்து 1912இல் கையெழுத்தான ஹேக் உடன்படிக்கை, மார்பின், கொக்கெய்ன் ஆகியவற்றின் பயன்பாட்டை மருத்துவத்திற்கும் பிற முறையான தேவைகளுக்கும் உரியதாக வரையறுத்தது. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அதற்கு நடைமுறை வடிவம் தந்தது. இறக்குமதி செய்யும் நாட்டின் அரசு சான்றிதழ் அளித்தாலன்றி, ஏற்றுமதி செய்யும் நாடு அனுமதி வழங்குதல் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே இவ்வேற்பாடு வேண்டும். மருத்துவமல்லாத தேவைக்கான அபின் ஏற்றுமதியைப் படிப்படியாக நிறுத்துவதாக இந்திய அரசு 1926இல் அறிவித்து, 1935இன் முடிவில் நிறைவேற்றியது. இடையில் 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. இவை அனைத்தும் அரசுக்கும் அரசுக்கும், வணிகருக்கும் சுங்கத்திற்கும் இடைப்பட்டவை.

தன் மருந்தைத் தானே சுமந்துவரும் பயணியை இந்திய விதிகளில் தெளிவாகக் காணுமிடம், 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளுள் 36ஆம் விதியாகும். அபினுக்கென எழுந்ததன்று அது. இறக்குமதி தடைசெய்யப்பட்ட மருந்துகளைச் சொந்தப் பயன்பாட்டிற்குச் சிறிதளவு கொண்டுவர வழிசெய்வது. மருந்து பயணியின் உண்மையான பயணச் சுமையின் பகுதியாக இருத்தல் வேண்டும். அவருடைய தனிப் பயன்பாட்டிற்கே உரியதாதல் வேண்டும். சுங்க அலுவலர் பணித்தால் அறிவித்தல் வேண்டும். எந்த ஒரு மருந்தும் நூறு சராசரி வேளைகளுக்கு மிகுதல் கூடாது. சிறப்பு நேர்வுகளில் கூடுதல் அளவுக்கு அனுமதி பெறலாம். பயணியோடு வாராமல் தனியே வரும் மருந்துக்கு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெறவேண்டும். நோயாளியை வணிகரினின்று பிரித்தறியச் சட்டம் கண்ட அளவுகோல் நூறு என்னும் எண் ஆயிற்று. நாளொன்றுக்கு மூன்று வேளை மருந்துண்பவருக்கு அது ஐந்து வாரங்களுக்குக்கூட எட்டாது.

வலி தீர்ப்பதற்குப் போதை மருந்துகள் இன்றியமையாதன என 1961ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த உடன்படிக்கை தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஆயினும் அது கப்பல், வானூர்தி ஆகியவற்றின் முதலுதவிப் பெட்டிக்குத் தனி விதி வகுத்ததேயன்றி, மருந்துடன் செல்லும் பயணிக்கு வகுக்கவில்லை. மனமயக்கப் பொருள்களைப் பற்றிய 1971ஆம் ஆண்டின் உடன்படிக்கையே, முதல் அட்டவணையிலுள்ளவை நீங்கலாக, பயணிகள் சிறிதளவு எடுத்துச்செல்ல நாடுகள் இசைவளிக்கலாம் என்றது. ‘அளிக்கலாம்’ என்பதே அதன் வாசகம், கட்டாயமில்லை.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பழைய அபின் சட்டங்களையும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கி அவற்றின் இடத்தைப் பெற்றது. மருத்துவப் பயன்பாட்டிற்கு அது விலக்களித்தது உண்மையே. எனினும் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்னும் தண்டனையும் மாநிலந்தோறும் வேறுபட்ட உரிமமுறைகளும் சேர்ந்து, மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் மார்பினை இருப்பு வைக்கவே அஞ்சச் செய்தன. உலகிற்கு முறைப்படி அபின் ஏற்றுமதி செய்த நாட்டில் புற்றுநோயாளி வலிமருந்தின்றிக் கிடந்தார். தண்டனை அளவுக்கேற்ப 2001இல் தரப்படுத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தமே ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்னும் வகையை உண்டாக்கியது. மறு ஆண்டு மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் நாடெங்கும் ஒரே விதிமுறைக்குள் வந்தன.

நாட்டிற்குள் நேர்ந்த இம்மாற்றம் எல்லையில் அதே அளவில் நிகழவில்லை. ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டின் ஷெங்கன் உடன்படிக்கை, நோயாளி தன் மருந்துக்குச் சான்றிதழுடன் உறுப்பு நாடுகளிடையே செல்ல வகைசெய்தது. உலக அளவில் 2003இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளோ நாடுகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஒரு நாட்டில் மருத்துவரின் சீட்டு போதுமானதாக இருக்க, அடுத்த நாட்டில் முன்னனுமதி வேண்டப்படுகிறது. வேறொரு நாட்டில் அம்மருந்துக்கே இடமில்லை. சரக்குக்கு 1925இலேயே கிடைத்த பொதுவான சான்றிதழ், பயணிக்கு இன்னும் கிடைத்திலது.