வாடகைக்கு நின்ற டவர்கள்: ஏர்செல்லும் வோடபோன்–ஐடியாவும்

படப்பை கடைவீதியில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய பழைய பெயர்ப்பலகைகளில் உள்ள கைப்பேசி எண்களைப் படித்துக்கொண்டே நடந்தால் சென்னையின் செல்பேசி வரலாறு பாதி தெரிந்துவிடும். 98400 என்று தொடங்கும் எண் முதலில் ஸ்கைசெல்லுடையது. 2000-இல் அது ஏர்டெல்லின் கைக்கு வந்தது. 98410 என்றால் ஆர்பிஜி செல்லுலார். 2003-இல் ஏர்செல் வாங்கியது. 98840 என்றால் ஹட்ச், பிறகு வோடபோன், இப்போது வி. 2011 ஜனவரி முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்று ஆனதால், அந்த எண்ணுக்குரிய சிம் இன்று எந்த நிறுவனத்துடையது என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 98410 மட்டும் விலக்கு. அது ஏர்செல்லில் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இந்த 98410-ஐயும் 98840-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. இரண்டு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பயத்தால், இணைப்புக்குப் போனவை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அழைப்பு இலவசம், சில மாதங்களுக்கு டேட்டாவும் இலவசம். அதே மாதம் ஏர்செல்லும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் சேர்வதாக அறிவித்தன. வோடபோன் இந்தியாவும் ஐடியாவும் 2017 மார்ச் 20 அன்று அறிவித்தன. முதல் இணைப்பு ஓராண்டு இழுத்து 2017 அக்டோபர் 1 அன்று கைவிடப்பட்டது. இரண்டாவது 2018 ஆகஸ்ட் 31 அன்று நிறைவேறியது. ஒன்று நடக்கவில்லை, நிறுவனம் செத்தது. மற்றொன்று நடந்தது, நிறுவனம் பிழைத்தது. பலரும் கதையை இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். சி. சிவசங்கரன் 1999-இல் தொடங்கினார். சென்னைக்கு வெளியே, மற்றவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த சிற்றூர்களில் முதலில் டவர் நட்டு, மாநிலத்தில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2006-இல் 74 விழுக்காடு பங்கு மலேசியாவின் மேக்சிஸ் குழுமத்துக்குப் போனது. அதன் முதலாளியாக இருந்த ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணத் தமிழ் வேர் கொண்டவர். அந்த விற்பனை பின்னால் வழக்கானது. விற்பனையின்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் உள்ளிட்டோரைச் சிறப்பு நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் விடுவித்தது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆனந்த கிருஷ்ணன் நேரில் வராவிட்டால் ஏர்செல்லின் 2ஜி அலைக்கற்றை கைவிட்டுப் போகும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்து, அதைக் கைமாற்றவும் தடை போட்டிருந்தது. ரிலையன்சோடு சேரும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அலைக்கற்றையைக் கைமாற்ற முடியாத செல்பேசி நிறுவனத்தோடு சேர யார் முன்வருவார்கள்?

ஒருவேளை அந்த இணைப்பு நடந்திருந்தால்? புது நிறுவனத்துக்கு ஆளுக்குப் பதினான்காயிரம் கோடி ரூபாய் கடனைக் கொண்டுவருவதாகத் திட்டம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சோ 2017 முடியும்போதே கைப்பேசி அழைப்புச் சேவையை மூடிவிட்டது, பிறகு திவாலானது. மூழ்குகிறவரின் கையைப் பிடிக்க நீட்டிய கையும் மூழ்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே இணைப்பு முறிந்ததால் ஏர்செல் செத்தது என்று சொல்வது, பாதி உண்மைகூட இல்லை.

நான் வேறோர் ஆண்டைக் காட்டுவேன்: 2010. அந்த ஆண்டு ஏர்செல் இரண்டு காரியங்கள் செய்தது. 3ஜி அலைக்கற்றைக்கு 13 தொலைத்தொடர்பு வட்டங்களில் சுமார் 6,500 கோடியும், அகன்ற அலைவரிசைக்கு 8 வட்டங்களில் 3,400 கோடிக்கு மேலும் ஏலத்தில் கொட்டியது. தன்னுடைய 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு 8,400 கோடிக்கு விற்றது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்த குடும்பம்தான். வாடகை ஒழுங்காகப் போகும்வரை தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் ஏர்செல் பெயர் மின்னிக்கொண்டிருந்தது, கடைகளில் பாக்கெட் இன்டர்நெட் ரீசார்ஜ் ஓடியது.

2018 பிப்ரவரியில் வித்தியாசம் தெரிந்தது. பாக்கி ஏறியதால் டவர்க்காரர்கள் அணைத்தார்கள். தமிழ்நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான டவர்களில் ஏர்செல் சிக்னல் ஒரே வாரத்தில் போனது. ஷோரூம்களின் முன் கூட்டம் கூடியது, சில இடங்களில் மறியல் நடந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி நிறுவனம் மும்பையில் திவால் மனு போட்டது. அப்போது அதன் கடன் சுமார் 15,500 கோடி. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்ய வேண்டுமென்றால் 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்க வேண்டும். எஸ்எம்எஸ் போக சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே ஆள் போர்ட் செய்யவே வருகிறார்! ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, குறியீடு கொடுக்க ஏப்ரல் 15 வரை அவகாசம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த எண் வெறும் தொடர்பு எண் மட்டுமல்ல. வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

வோடபோன்–ஐடியா பக்கம் வருவோம். அதைப் படப்பையில் நின்று பார்த்தால் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஐடியா தமிழ்நாட்டுக்கு வந்ததே 2009-இல்தான், தாமதமாக. இங்கே ஆள்பலம் ஹட்ச் விட்டுப்போன வோடபோனுக்குத்தான். இணைந்த அன்று யாருடைய சிக்னலும் போகவில்லை. 2020 செப்டம்பரில் கடைப் பலகைகள் ‘வி’ என்று மாறின, அவ்வளவுதான். இணைந்தபோது தேசக் கணக்கோ பிரம்மாண்டம்: 40 கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள், இந்தியாவின் முதல் இடம், கூடவே ஒரு லட்சம் கோடிக்கு மேல் கடன். 2019 அக்டோபர் 24 அன்று, அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணத்துக்கு அடிப்படையான சரிக்கட்டிய மொத்த வருவாய் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தொலைத்தொடர்புத் துறையின் கணக்குப்படி வி மட்டும் கட்ட வேண்டியது 58,254 கோடி. இரண்டு நிறுவனங்களின் பழைய பாக்கியும் ஒரே தலையில் இறங்கியது. சந்தாதாரர் எண்ணிக்கை பிறகு பாதியாகி, 20 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அதன் டவர் ஏன் அணையவில்லை? இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. வி-யும் வாடகைக்காரர்தான். 2017 நவம்பரில் இரு நிறுவனங்களும் சுமார் 20,000 சொந்த டவர்களை அமெரிக்காவின் ஏடிசிக்கு 7,850 கோடிக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆனால் பெரிய வீட்டுக்காரரான இண்டஸ் டவர்ஸில் வோடபோன் குழுமத்துக்கே பங்கு இருந்தது. 2022-இல் இண்டஸ், பாக்கியைக் கட்டாவிட்டால் நவம்பரிலிருந்து டவர் கிடைக்காது என்று வி-க்குக் கடிதம் எழுதியது. எழுதியதோடு சரி, அணைக்கவில்லை. 2024 டிசம்பரில் வோடபோன் குழுமம் இண்டஸில் எஞ்சியிருந்த தன் பங்கை விற்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வி வழியாகச் சுற்றி வந்து இண்டஸுக்கே பாக்கியாகப் போய்ச் சேர்ந்தது. ஜிடிஎல்லில் ஏர்செல்லுக்கு இப்படி ஒரு பிடி இருந்ததில்லை.

இரண்டாவது பிடி அரசு. ஏர்செல்லுக்கு அரசு கடன்காரராக மட்டுமே எதிரில் நின்றது. வி விஷயத்திலும் இணைப்புக்கு அனுமதி தருமுன் 7,000 கோடிக்கு மேல் ரொக்கமும் வங்கி உத்தரவாதமுமாக வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டது. ஆனால் வி விழுந்தால் தனியாரில் மிஞ்சுவது ஜியோவும் ஏர்டெல்லும் மட்டும் என்ற நிலை வந்ததும் அரசின் போக்கு மாறியது. பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டது: 2023-இல் 16,133 கோடிக்கு, 2025 ஏப்ரலில் 36,950 கோடிக்கு. இப்போது அரசின் பங்கு 48.99 விழுக்காடு. அதற்கு மேல் போகமாட்டோம் என்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா சொல்லிவிட்டார். போனால் அது அரசு நிறுவனம், பக்கத்தில் பிஎஸ்என்எல் வேறு இருக்கிறது. பிஎஸ்என்எல்–எம்டிஎன்எல் இணைப்புக்கு 2019-இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும் அது எப்படி இழுத்தது என்று பார்த்தவர்களுக்கு, வி-யையும் அதில் சேர்க்கலாம் என்ற பேச்சில் நம்பிக்கை வராது.

ஆக வி-யைக் காப்பாற்றியது இணைப்பு அல்ல. விழவிட முடியாத அளவும், வீட்டுக்காரரிடம் இருந்த பங்கும். இணைப்பு அந்த அளவைத் தந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கான விலையையும் நாம்தான் கட்டுகிறோம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தியபோது போவதற்கு வேறு இடம் பிஎஸ்என்எல்தான். அங்கே 4ஜி அப்போதுதான் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உரிம விதிப்படி சேவையை நிறுத்தும் நிறுவனம் அரசுக்கு 60 நாள், வாடிக்கையாளருக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஏர்செல் குஜராத் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் அப்படி அறிவித்துத்தான் மூடியது. தமிழ்நாட்டில் அது சேவையை நிறுத்தவே இல்லை, காகிதத்தில். டவரை அணைத்தது வேறொருவர். அந்த வேறொருவர் வாடிக்கையாளருக்கு ஒரு நாள்கூட முன்னறிவிப்புத் தரத் தேவையில்லை. அவருக்கும் சிம் வைத்திருப்பவருக்கும் நடுவே எந்த ஒப்பந்தமும் கிடையாது. அடுத்த இணைப்பு அறிவிப்பு வரும்போது செய்தியாளர்கள் சந்தாதாரர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவார்கள். டவர் வாடகை பாக்கி எவ்வளவு, வீட்டுக்காரர் யார் என்ற இரண்டையும் அவர்கள் சேர்த்துக் கேட்டால் தேவலை.