புகை குறைந்ததா, இடம் மாறியதா? ஜப்பானிய உருக்குத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1977இல் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், வில்லானுவேவா என்ற கடலோர ஊரில் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. பெயர் பிலிப்பைன் சின்டர் கார்ப்பரேஷன். உடைமையாளர் ஜப்பானின் காவாசாகி ஸ்டீல். வெளிநாட்டு இரும்புத் தாது அங்கே வந்து இறங்கும். பக்குவம் செய்யப்பட்டு ஜப்பானுக்குக் கப்பலேறும். அந்த ஆலையில் உருக்கு வார்க்கப்படவில்லை. உருக்கு ஆக்கத்தில் ஒரேயொரு படி மட்டும் கடல் கடந்திருந்தது.

அந்தப் படி எது என்பதுதான் முக்கியம். தாதுத் தூளை அப்படியே ஊதுலையில் கொட்டினால் காற்றோட்டம் அடைபட்டுவிடும். ஆகவே அதனுடன் கோக் தூளும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, நகரும் இரும்புத் தட்டுகளில் பரப்பி, மேலிருந்து தீ மூட்டுவார்கள். அடியில் பெரிய விசிறிகள் காற்றை இழுக்க இழுக்க நெருப்பு கீழிறங்கும். தூள் கட்டிபட்டுத் துளைகள் நிறைந்த சின்டராகும். இழுத்த காற்றோடு கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்தூசியும் புகைபோக்கிக்குப் போகும். ஓர் உருக்காலையில் மிக அதிகமாகக் காற்றைக் கெடுக்கும் பிரிவுகளுள் இது ஒன்று.

டோக்கியோ விரிகுடாவில் உள்ள சிபா நகரில் இதே நிறுவனத்தின் முதல் ஊதுலை 1953இல் எரியத் தொடங்கியது. ஆலை வளர வளர, சுற்றுப்புறத்தில் மூச்சிரைப்பு நோயாளிகளும் பெருகினர். ஆறாவது ஊதுலைக்குத் திட்டமிட்டபோது குடியிருப்பாளர்கள் 1975இல் வழக்குத் தொடுத்தனர். புதிதாகச் சின்டர் ஆலை கட்ட உள்ளூரில் இனி இடமிராது என்பதை நிறுவனம் உணர்ந்திருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் வந்து நிற்க மிண்டனாவோ வசதியான துறை என்ற வணிகக் காரணமும் சொல்லப்பட்டது. அதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஜப்பானிய மாசு எதிர்ப்பு இயக்கங்கள் இதை ‘மாசு ஏற்றுமதி’ என்றே அழைத்தன. அந்தப் பெயர் பொருத்தமானது என்றே எனக்கும் தோன்றுகிறது.

அப்படியானால் ஜப்பானின் வானம் தெளிந்தது இந்த ஏற்றுமதியாலா? காலவரிசை அவ்வாறு சொல்லவில்லை. மாசுத் தடுப்புக்கான அடிப்படைச் சட்டம் 1967இலும், காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இலும் வந்தன. 1970இன் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்றிலேயே மாசு தொடர்பான 14 சட்டங்கள் நிறைவேறின. 1972 ஜூலையில் யொக்கைச்சி நகர ஆஸ்துமா வழக்கில் பெட்ரோ ரசாயன வளாக நிறுவனங்கள் தோற்றன. 1973இன் இழப்பீட்டுச் சட்டம் நோயாளிகளுக்கான பணத்தின் பெரும்பகுதியைக் கந்தக வெளியீட்டின் மீதான கட்டணமாகத் தொழிற்சாலைகளிடமே வசூலித்தது. இதற்கிடையே 1969இல் அலாஸ்காவிலிருந்து திரவ இயற்கை எரிவாயு வரத் தொடங்கியது. எண்ணெயிலிருந்தும் புகையிலிருந்தும் கந்தகம் நீக்கும் கருவிகள் பரவின. 1967க்குப் பின் பத்தாண்டுகளுக்குள் காற்றில் கந்தக டை ஆக்சைடின் சராசரி அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. மிண்டனாவோ ஆலை சூடேறுவதற்கு முன்பே பெரும்பாலான இறக்கம் நடந்து முடிந்துவிட்டது.

வெளியேறிய தொழில்கள் எல்லாமே சட்டத்துக்கு அஞ்சி ஓடியவையும் அல்ல. 1970களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் டன் திறனோடிருந்த ஜப்பானிய அலுமினிய உருக்கல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய அழிந்தே போனது. ஒரு டன்னுக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் கேட்கும் தொழில் எண்ணெய் விலையேற்றத்தைத் தாங்கவில்லை. 1982இல் சுமத்ராவின் அசஹான் ஆற்று நீர்மின்சாரத்தில் ஜப்பானிய முதலீட்டோடு ஓர் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியது. புகையும் கூடவே போனது என்பது உண்மை. ஆனால் துரத்தியது மின்கட்டணம்.

அமெரிக்காவைப் பற்றிய ஆய்வுகளிலும் இதே இழுபறி தெரிகிறது. 1990 முதல் 2008 வரை அந்நாட்டு ஆலைகளின் முக்கியக் காற்று மாசுகள் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்ததை ஆராய்ந்த ஜோசப் ஷாபிரோவும் ரீட் வாக்கரும், பெருங்காரணம் சட்டக் கட்டுப்பாடே என்றனர். ஜெவன் செர்னிவ்சான் 2017இல் தனித்தனி ஆலைகளை எடுத்துப் பார்த்தார். 1994–98 காலத்தில் நுண்தூசியும் கந்தக டை ஆக்சைடும் குறைந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாஃப்டா எனும் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் விளைவு என்பது அவர் கண்டது. ஆண்டுகளும் வேறு, அளவுகோலும் வேறு.

அளவுகோல்தான் இங்கே சிக்கல். பொருள்வாரியாகக் கணக்கிட்டால் சிபா அன்றும் உருக்கு ஆலை, இன்றும் உருக்கு ஆலை. சின்டர் வெளியிலிருந்து வரும்போது ஒரு டன் உருக்குக்கான புகை குறையும். அட்டவணையில் அது தொழில்நுட்ப முன்னேற்றமாகப் பதிவாகிவிடும். தொழில் முழுவதும் போனால் கணக்கில் தெரியும். அழுக்கான படி மட்டும் போனால் தெரியாது.

1975இல் தொடுத்த வழக்கில் சிபா மாவட்ட நீதிமன்றம் 1988 நவம்பரில் குடியிருப்பாளர்களுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 1992இல் சமரசம் ஏற்பட்டது. நாட்டளவில் காற்றைச் சுத்தப்படுத்தியது சட்டமே என்ற முடிவுக்கு ஜப்பானியச் சான்று போதும். ஆனால் ஓர் ஊரின், ஓர் ஆலையின் புகை ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள் உற்பத்திப் பட்டியலோடு நின்றுவிடாமல், துறைமுகத்தில் எந்த நிலையில் மூலப்பொருள் இறங்குகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.