எழுத்தால் கட்டிய உலகம்



படம் இல்லை, ஒலி இல்லை. திரையில் சில வரிகள் மட்டும். நீங்கள் ஓர் ஒடுங்கிய பாதையில் நிற்கிறீர்கள். இரு பக்கமும் மலை. மேற்கே தூரத்தில் கூரை வேய்ந்த ஒரு சிறு வீடு, அதற்கு எதிரே பழைய இடுகாடு. அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேற்கே போகவேண்டுமானால் அதை நீங்களே தட்டச்சுச் செய்யவேண்டும். 'மட்' என்ற விளையாட்டின் வாசல் இதுதான். வானொலிக்காரனான எனக்கு இந்த முறை புதிதாகத் தெரியவில்லை. நாங்களும் சொல்லைத்தான் தருகிறோம்; காட்சியை நேயர்கள் தங்கள் மனதில் அமைத்துக்கொள்கிறார்கள்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷா என்ற மாணவர் இதைத் தொடங்கினார். தனியாள் விளையாடும் எழுத்து விளையாட்டுகள் அதற்கு முன்பே இருந்தன. பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகில் நடமாடவேண்டும் என்பதே ட்ரப்ஷாவின் எண்ணம். ஒருவர் கதவைத் திறந்தால் மற்றவருக்கும் அது திறந்திருக்கும். 1980இல் பொறுப்பு அவரது நண்பர் றிச்சர்ட் பார்ட்டிலிடம் வந்தது. விளையாட்டுக்கு முழு வடிவம் கொடுத்தவர் அவரே. அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினிகளிலும் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் அக்காலத்தில் இருந்தன. ஆனால் இன்றைய இணைய விளையாட்டுகளின் பரம்பரை பெரும்பாலும் எசெக்சிலிருந்தே கிளைத்தது.

பகலில் கணினி பல்கலைக்கழக வேலைக்கு வேண்டும். ஆகவே வெளியார் தொலைபேசி வழியாக நள்ளிரவுக்குப் பின்னரே உள்ளே வந்தார்கள்.

வந்தவருக்கு வேலை, புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் போடுவது. போட்டால் புள்ளி சேரும், புள்ளிக்கேற்பப் பட்டம் உயரும். உச்சியில் மந்திரவாதிப் பதவி. சண்டையில் இன்னொருவர் கையால் இறந்தாலோ, பாத்திரமே அழிந்துவிடும். கணக்காளன் பாஷையில் சொன்னால், பல மாத ஐந்தொகை ஒரே நொடியில் வெறுமையாகிவிடும். ஆகவே புதியவர் முதலில் கற்கவேண்டியது வாள் வீசுவதை அல்ல. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, தப்பி ஓடுவது, தெரிந்தவரிடம் கேட்பது, இவை மூன்றும்தான்.

பட்டங்கள் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிறப்பைப் பார்த்து மனிதரை அளந்த பிரித்தானிய வர்க்க முறைக்கு மாறாக, திறமையால் ஒருவர் உயரக்கூடிய உலகம் வேண்டும் என்று தாங்கள் விரும்பியதாகப் பார்ட்டில் பின்னாளில் கூறியிருக்கிறார். அங்கே நிறமும் உச்சரிப்பும் தெரியாது. எழுதுவது மட்டுமே தெரியும். பெயரைச் சொன்னவுடன் "எந்த நாடு?" என்ற கேள்வியைச் சந்தித்துப் பழகிய நமக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் பேரேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. உள்ளே நுழைய ஆங்கிலமும் ஒரு கணினி இணைப்பும் தேவைப்பட்டன. 1980களில் அவை எத்தனை பேருக்குக் கிடைத்தன?

கதவை அகலத் திறந்தவர்கள் பின்னால் வந்த மாணவர்களே. 1987இல் வேல்ஸில் அபர்மட், 1989இல் சுவீடனில் எல்பிமட், 1991இல் டென்மார்க்கில் டிக்குமட் பிறந்தன. நிரல்களை இலவசமாகக் கொடுத்ததால் உலகெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. 1999இல் படங்களோடு வந்து புகழ்பெற்ற எவர்குவெஸ்ட்டை வடிவமைத்தவர்கள், டிக்குமட் வகை விளையாட்டை ஆடி வளர்ந்தவர்கள்.

எழுத்து விளையாட்டுகள் இன்றும் அழியவில்லை. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு பார்வையற்றோர் பலர், பார்வையுள்ளவர்களுக்குச் சமமாக அவற்றை ஆடுகிறார்கள். நேயர்களில் யாராவது தொடங்க விரும்பினால், முதல் நாளில் உதவிப் பக்கத்தை வாசியுங்கள், நாலு திசையும் நடந்து மனதில் ஒரு வரைபடம் போடுங்கள். பல மட்களில் புதியவருக்கென்றே ஒரு பேச்சு வரிசை இருக்கும். அதில் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்பவரும் ஒரு காலத்தில் வழி தெரியாமல் நின்றவர்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.