ஒரு குதிரை சக்தியும் இரட்டைப் பல்சக்கரமும்

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்கள் கியர் விகிதக் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்காக ஒரு சிறு நினைவூட்டல். எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தில் 10 பல், பின்சக்கரத்தில் 40 பல் என்றால் விகிதம் நான்கு. பின்னால் 50 பல் போட்டால் ஐந்து. இழுவை கால் பங்கு கூடும். எஞ்சின் அதே சுற்றில் ஓடினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் நாலு பல்லைக் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவ்வளவுதாங்க சூத்திரம்! தறி செய்த ஒரு கம்பெனியின் திசையே மாறியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். கார் வாங்க வசதியில்லாத மக்கள் சைக்கிளில் குட்டி எஞ்சினைப் பூட்டிக்கொண்டார்கள். எஞ்சின் கிடைத்துவிட்டது, அதன் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது எப்படி? பிரான்சின் வெலோசோலெக்ஸ், முன் டயர்மேல் ஓர் உருளையை அழுத்திச் சுழற்றியது. மழையில் அது வழுக்கும். ஜப்பானில் ஹோண்டா 1947-ல் செய்த ஏ-டைப் எஞ்சினுக்கு பெல்ட். இத்தாலியின் குச்சியோலோ, மிதிக்கிற செயினையே பயன்படுத்திக்கொண்டது.

ஜப்பானின் ஹமமட்சு ஊரில் 1909-ல் மிச்சியோ சுசுகி தொடங்கியது தறித் தொழிற்சாலை. 1951-ல் பருத்திச் சந்தை சரிந்தது. தறிக்கு ஆர்டர் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று கம்பெனி தவித்தது. அந்தக் குடும்பத்து ஷுன்சோ சுசுகி மீன் பிடித்துவிட்டு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வரும்போதுதான், 'இதுக்கு ஒரு மோட்டார் இருந்தா எப்படி இருக்கும்?' என்று யோசித்தாராம்.

1952-ல் 'பவர் ஃப்ரீ' வந்தது. 36 சி.சி., வெறும் ஒரு குதிரை சக்தி. இவ்வளவு சிறிய எஞ்சினுக்கு ஒரே விகிதம் வைத்தால் சிக்கல். பின்னால் பல்லைக் கூட்டினால் சமவெளியில் ஆமை வேகம். குறைத்தால் மேட்டில் எஞ்சின் திணறும். சுசுகி கண்ட வழி இரட்டைப் பல்சக்கரம். எஞ்சின் துணையோடு மிதிக்கலாம். எஞ்சினை விட்டுவிட்டு மிதிக்கலாம். மிதியைத் துண்டித்து எஞ்சினில் மட்டும் போகலாம். எஞ்சினுக்குப் போதாத இழுவையை ஓட்டுபவரின் கால் ஈடுகட்டியது. அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் இதைப் பாராட்டி ஆராய்ச்சிக்கு மானியமே கொடுத்தது. அடுத்து வந்த 60 சி.சி. 'டயமண்ட் ஃப்ரீ' 1953-ல் ஃபுஜி மலையேற்றப் போட்டியில் தன் பிரிவில் வென்றது. 1954-ல் கம்பெனியின் பெயரிலேயே 'மோட்டார்' ஏறிவிட்டது.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டிலும் மிதி இருந்தது. அதைச் செய்த குழுமமே சுசுகியோடு கைகோத்து 1984-ல் இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100 பைக்கைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டு 2001-ல் முடிந்தது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிராஜெக்டுக்காகப் பழைய சைக்கிளில் எஞ்சின் பூட்டுகிறபோது, 'எவ்வளவு வேகம் போகும்?' என்று முதலில் கேட்காதீங்க. எந்த மேட்டில், எவ்வளவு பாரத்தோடு ஏறணும்னு கேளுங்க. எத்தனை பல் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.