மாம்பழப் பெட்டியும் இறால் மடியும்

இரண்டு தடைகளும் ஒரே ஆண்டில் தொடங்கியவை. 1989இல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது. பழ ஈயும், கொட்டைக்குள் குடியிருக்கும் வண்டும் அதற்குக் காரணம். கடலாமையைக் கொல்லும் முறையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று அந்நாடு சட்டம் இயற்றியதும் அதே ஆண்டில்தான். முதலில் கரீபியன் வட்டாரத்தோடு நின்ற அந்தச் சட்டம், 1996 மே மாதம் நம் பக்கமும் நீண்டது. இரண்டு சரக்குக்காகவும் ஏற்றுமதியாளர்கள் தில்லியைத்தான் நம்பினார்கள். தில்லி எடுத்த வழிகள் வேறுவேறு.

இறாலுக்காக வழக்குப் போட்டது. 1996 அக்டோபரில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு வந்தது. கரீபியன் நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் தந்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் தந்தது பாரபட்சம் என்றது தீர்ப்பு. ஆனால் ஆமையைக் காக்கச் சட்டம் போட்டதைத் தவறு என்று சொல்லவில்லை. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. சட்டம் அப்படியே நின்றது. மலேசியா மறுபடி வழக்காடி 2001இல் தோற்றது.

மாம்பழத்துக்கு வழக்கு இல்லை, பேச்சுவார்த்தைதான். 2006 மார்ச்சில் அதிபர் புஷ் தில்லிக்கு வந்தபோது அது வேகம் பிடித்தது. பதிலுக்கு அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தியச் சந்தை திறந்ததும் இதே காலத்தில்தான். ஆனால் தடையை உண்மையில் உடைத்த இடமாக நான் நினைப்பது நாசிக் மாவட்டத்து லாசல்காவ். வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊர். வெங்காயம் முளைவிடாமல் இருக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே ஒரு கதிர்வீச்சு நிலையம் வைத்திருந்தது. அதைத்தான் மாம்பழத்துக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய அல்போன்சாவும் கேசரும் கோபால்ட்-60 கதிர்மூலத்தின் முன்னால் நகர்ந்து போகும். குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு ஏற வேண்டும். வண்டு அங்கேயே செத்துவிட வேண்டும் என்பதில்லை. அது இனம் பெருக்க முடியாமல் போனால் போதும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர் கூடவே நின்று பார்ப்பார். அவர் வந்துபோகும் செலவு நம் தரப்பினுடையது. 2007 ஏப்ரலில் முதல் பெட்டிகள் விமானம் ஏறின.

அரசு உதவி என்றால் எனக்கு இதுதான் உதவி. பழம் கொண்டுவருபவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கூரை, ஒரு இயந்திரம், ஒரு முத்திரை.

இந்த வழியும் பலவீனம் இல்லாதது அல்ல. முத்திரை இன்னொரு நாட்டின் கையில் இருக்கிறது. பெருந்தொற்றால் ஆய்வாளர்கள் வர முடியாமல் 2020, 2021 இரண்டு பருவமும் வீணாயின. ஒப்பந்தம் பேசி 2022இல்தான் மீண்டும் வழி திறந்தது. 2025 மே மாதம் நவி மும்பையில் கதிர்வீச்சு முடித்துப் போன 15 சரக்குகளை, சான்றுப் படிவத்தில் குறை என்று சொல்லி அமெரிக்க விமான நிலையங்களில் மறுத்துவிட்டார்கள். திருப்பி எடுத்துவரக் கட்டுப்படியாகாது. நல்ல பழங்களை அங்கேயே அழிக்க வேண்டியதாயிற்று.

அப்படியும் மாம்பழ வழியையே நான் மேலாக வைப்பேன். இறாலில் நாம் வழக்கை முடித்துக்கொண்டு வலையை மறந்துவிட்டோம். ஆமையைக் காக்க அமெரிக்கா கேட்டது பெரிய பொறி ஒன்றும் இல்லை. இழுவை மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், பக்கத்தில் ஒரு திறப்பு. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து அடிமடிக்குப் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டிச் சறுக்கித் திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி அதைச் செய்து காட்டியும் இருக்கிறது. படகுகளில் அது பரவவில்லை. கடைசியில் 2010களின் இறுதியில் இந்தியக் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது.

அந்த அடி பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் குளத்து இறால். 2009இல் வனாமி வகை இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தது. வளர்ப்பு இறாலுக்கு அமெரிக்காவின் ஆமைச் சட்டம் பொருந்தாது. ஏற்றுமதிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடலுக்குப் போகிறவரின் இழப்பு அந்தக் கணக்கில் மறைந்துவிட்டது. ஆமைகளின் இழப்புக்கோ கணக்கே கிடையாது. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

விசைப்படகுக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தத் திறப்பு வழியாக ஆமையோடு என் இறாலும் போனால், டீசல் காசை யார் தருவது? லாசல்காவில் பெட்டிக்கு வழி செய்த அரசு, ஜெனீவாவில் இரண்டு ஆண்டு வாதாடிய அதே அரசு, இந்தக் கேள்விக்குப் படகடியில் வந்து நின்று பதில் சொல்லவில்லை.