வானொலி அடையாள இசை

வானொலி அடையாள இசை (வானொலி ஜிங்கிள்) என்பது, ஒரு வானொலி நிலையம் தன்னை நேயர்களுக்கு இனங்காட்டுவதற்காக ஒலிபரப்பும் குறுகிய இசைத்துணுக்கு ஆகும். நிலையத்தின் பெயரும் அலைவரிசை எண்ணும் பெரும்பாலும் இதில் பாடப்படுகின்றன. பொருள்களை விற்பதற்கான விளம்பரப் பாடல்களிலிருந்து இது வேறுபட்டது.

தேவை

பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், உயரமான இடத்தில் உள்ள கோபுரம் பரந்த நிலப்பரப்பை எட்டுகின்றது. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, திண்டுக்கல் நகரிலும் அதன் சமவெளியிலும் கேட்கப்படுவது இதனாலேயே. பல நிலையங்கள் எட்டும் பகுதிகளில், அவை ஒரே திரைப்பாடலை ஒலிபரப்பவும் கூடும். அப்போது, எந்த நிலையத்தைக் கேட்கிறோம் என்பதைப் பாடல்களுக்கு இடையே வரும் சில நொடி இசையே உணர்த்துகின்றது.

வரலாறு

அகில இந்திய வானொலியின் அடையாள இசை 1936இல் உருவானது. நாசிகளின் யூத எதிர்ப்புக்கு அஞ்சி 1934இல் பம்பாய் வந்த வால்டர் காஃப்மன் இதனை அமைத்தார் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தம்புராச் சுருதியின் மீது வயலின் ஒலிக்கும் இவ்விசை, சிவரஞ்சனி இராகத்தை ஒட்டியது. இதில் சொற்கள் இல்லை. ஆகவே எம்மொழி நிலையத்துக்கும் இது பொருந்தியது.

நிலையத்தின் பெயரைப் பாடும் முறையை, 1951இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பில் மீக்ஸ் தொடங்கிய பாம்ஸ் நிறுவனம் பரவலாக்கியது. 1967இல் தொடங்கிய பிபிசி ரேடியோ 1 நிலையமும் இந்நிறுவனத்தின் இசையைப் பயன்படுத்தியது. தமிழ்நாட்டில், 2003இல் சென்னையில் தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கிய பின்னர் இம்முறை பெருகியது.

உருவாக்கம்

வாத்திய இசை முதலில் தனித் தடங்களில் பதிவு செய்யப்படும். அதன் மீது பாடகர் குழு நிலையத்தின் பெயரைப் பாடும். குழுவைப் பெரிதாகக் காட்ட, அதே வரியை மீண்டும் பாடி முன்பதிவோடு சேர்ப்பதும் உண்டு. இசைத்தடம் தனியே இருப்பதால், அதே இசையில் மற்றொரு நிலையத்தின் பெயரையும் பாடிப் பதியலாம். இது செலவைக் குறைக்கும். ஆயினும் ஒரு நிலையத்துக்கென்றே புதிதாக அமைக்கப்படும் மெட்டின் தனித்தன்மை இதற்கு இராது.

தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும் என்பதால் மெட்டமைப்பில் கவனம் தேவை. 'கோடை' என்னும் சொல்லின் முதல் எழுத்தை மெட்டு குறுக்கிவிட்டால் அது 'கொடை' என ஒலிக்கும். எண்ணின் அசைகளும் மெட்டுக்குள் தெளிவாக அடங்க வேண்டும்.

வடிவங்கள்

ஒரே மெட்டிலிருந்து பல வடிவங்கள் வெட்டி எடுக்கப்படுகின்றன.

- முழு வடிவம்: பெயர், எண், முழக்கத் தொடர் அனைத்தும் கொண்டது.
- குறு வடிவம்: பெயர் மட்டும், சில நொடிகளே நீடிப்பது.
- இடைவெளி வடிவம் (டோனட்): தொடக்கத்திலும் முடிவிலும் பாட்டு, நடுவில் அறிவிப்பாளர் பேசுவதற்காக இசை மட்டும்.
- இணைப்பு வடிவம்: விரைவான பாடலிலிருந்து மெதுவான பாடலுக்கு இட்டுச் செல்வது.
- குரல் வடிவம்: வாத்தியமின்றிப் பாடப்படுவது.