வாக்கில்லாதவர் கட்டும் வரி: கலிபோர்னியாவின் வளர்ச்சித் தாக்கக் கட்டணம்

கலிபோர்னியாவின் எல்டொராடோ கவுண்டியில், ஆலையில் செய்து கொண்டுவரப்படும் ஏறத்தாழ 1,800 சதுர அடி வீடொன்றைத் தம் நிலத்தில் நிறுவ முற்பட்டவரிடம், புதுக் கட்டடத்தால் சாலைகளுக்கு ஏற்படும் கூடுதல் சுமைக்காக 23,420 டாலர் போக்குவரத்துத் தாக்கக் கட்டணம் கேட்கப்பட்டது. கட்டணத்தைச் செலுத்திவிட்டு அவர் வழக்காடினார். உள்ளாட்சி மன்றம் பொது விதியாக இயற்றியது என்பதாலேயே ஒரு கட்டணம் அரசியலமைப்புச் சோதனைக்குத் தப்பிவிடாது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோலன் (1987), டோலன் (1994) வழக்குகள் அச்சோதனையை வகுத்திருந்தன: கட்டணத்துக்கும் கட்டடம் விளைவிக்கும் தேவைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அளவும் ஏறத்தாழப் பொருந்த வேண்டும்.

இந்த அளவுகோல் தேவையானது. ஆனால் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். புதியவரின் பங்கு சரியாகக் கணக்கிடப்பட்டதா என்று அது கேட்கிறது. மற்றவர்கள் தம் பங்கைச் செலுத்துகிறார்களா என்று கேட்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை 1978இல் இருக்கிறது. அவ்வாண்டு வாக்காளர் ஏற்ற 13ஆம் முன்மொழிவு, சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. வீடு கைமாறும்வரை வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிகளுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு தேவையாயிற்று. தாக்கக் கட்டணத்துக்கோ வாக்கெடுப்பு இல்லை. அதன் சுமையைத் தாங்கப்போகிறவர் பெரும்பாலும் அந்த ஊருக்கு இன்னும் குடிவரவே இல்லை. நகரங்கள் இந்த வழியை நாடியதில் வியப்பில்லை.

'வளர்ச்சியின் செலவை வளர்ச்சியே ஏற்கட்டும். பழைய குடிகள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்' என்பது கட்டண ஆதரவாளரின் வாதம். இதில் நியாயம் உண்டு. புதுக் குடியிருப்புக்கான சாக்கடைக்கு ஊரார் அனைவரும் ஏன் செலவழிக்க வேண்டும்? ஆனால் பழைய குடிகளின் சாலைகளும் பள்ளிகளும் பெரும்பாலும் பொதுவரியிலும் கடன்பத்திரங்களிலும் எழுந்தவை. வீடு வாங்கும்போதே அவற்றின் முழு விலையை அவர்கள் கொடுக்கவில்லை. புதியவரோ கட்டணத்தையும் செலுத்தி, இன்றைய சந்தை மதிப்பில் சொத்துவரியும் கட்டுகிறார். அடுத்த வீட்டுக்காரர் பல்லாண்டுகளுக்கு முந்தைய மதிப்பை அடியாகக் கொண்டு கட்டுகிறார். இவ்வேறுபாட்டை 1992இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. சட்டப்படி செல்லும் என்பதால் அது சமன் ஆகிவிடாது.

பழைய குறைபாடுகளின் செலவைக் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுக்கிறது. வீட்டின் பரப்பளவுக்கேற்பக் கட்டணத்தை வகுக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இரண்டும் நல்ல திருத்தங்களே. ஆனால் பழைய குறைபாட்டைச் சீராக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை. அதைப் பரந்த சொத்துவரியே தாங்க முடியும்.

ஆகவே கட்டணத்தைக் கைவிட வேண்டியதில்லை; கூடுதல் தேவையின் செலவோடு நிறுத்தினால் போதும். வரியின் இடத்தை அது பிடித்துக்கொண்டால், எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும், ஊரின் பழைய பாக்கியைப் புதியவரே தீர்ப்பதாக முடியும்.